மாப்பிள்ளை போட்ட கோல்கள்

போன வாரம் சென்னையில் ஒரு நண்பர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "வாருமய்யா, இந்த வெயிலுக்கு இதமாக ஒன்று காட்டுகிறேன்" என்றார். இளநீராக இருக்கும் என்று நம்பிப் போனேன். பார்த்தால்... நீச்சல் குளம்!

நீல நிறத் தண்ணீர். அதற்குள் ஒரு பந்து. தலையில் குல்லாய் மாட்டிய வாலிபர்கள் அந்தப் பந்துக்காக ஒருவரை ஒருவர் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இங்கும் அங்கும் ஓடினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் என் வேட்டியையும் நரைத்த தலையையும் பார்த்தான். அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"இதுக்குப் பேரு வாட்டர் போலோ, சார். நம்ம பக்கம் கொஞ்சம் புதுசு. ரூல்ஸ் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி. நானே ஆடியிருக்கேன்."

"நீங்களா! எங்கே சார்?"

"புதுக்கோட்டைப் பக்கம், ஒரு கண்மாயில். ஒரே நாளில் எத்தனை கோல் போட்டேன்னு எண்ணக்கூட முடியலை."

அதற்கப்புறம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கிழவர் அளக்கிறார் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது அத்தனையும் உண்மை. நீங்களாவது நம்புங்கள். உங்களை நம்பித்தானே வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. புதுக்கோட்டையில் ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் திருக்கோகர்ணத்தில் பிறந்து வளர்ந்தவன். புதுக்கோட்டையிலேயே ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பெண் எடுத்தது வல்லத்திராக்கோட்டைப் பக்கம், விவசாயக் குடும்பத்தில். தை மாதம் கல்யாணம். சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த கையோடு, லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டு விருந்துக்குக் கிளம்பினேன்.

புது மாப்பிள்ளை விருந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் பந்தி எனக்கு மட்டும். வீட்டில் அடிக்கிற கோழிகளின் கால்கள் எல்லாம் என் இலைக்குத்தான் வரும். நான் ஒரு தடவை இருமினால் அடுக்களையில் சுக்குத் தட்டுகிற சத்தம் கேட்கும். நான் நடந்து போனால், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். ஆபீஸில் பியூன்கூட எனக்காக எழுந்ததில்லை! பிடிக்காமல் இருக்குமா?

ஆனால் ஒரு விஷயம். நான் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒருவரும் கிடையாது. என் மனைவி சிவகாமியைப் பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய அண்ணன், தம்பி, சித்தப்பா மகன்கள் எல்லாரும் வாசலில் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பெண்ணுக்கு முன்னால் எனக்குப் பிடித்துப் போனது அந்தக் கும்பலைத்தான். இதைச் சிவகாமி படிப்பாள். படிக்கட்டும்.

அண்ணன் தங்கராசு பம்பாயில் கப்பல் படையில் இருந்தார். அந்த வருஷம் அவரும் லீவில் வந்திருந்தார். வரும்போது ஒரு பெரிய ரப்பர் பந்தும், ஒரு விசிலும், வாட்டர் போலோ என்கிற விளையாட்டையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுக்குள்ள வெந்து சாகாம வாங்க மாப்பிள்ளை, கம்மாய்க்குப் போவோம்" என்று கூப்பிட்டார்.

கோடையில் கண்மாய் பெரும்பாலும் வெடித்துக் கிடந்தது. மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர். ஓரத்தில் இடுப்பளவு, நடுவில் ஆள் முழுகும். பால் கொஞ்சம் அதிகமாக விட்ட டீயின் நிறம். கரை மண் அப்படிச் சுட்டது. மரத்தடியிலிருந்து தண்ணீருக்கு ஒரே ஓட்டமாகக் குதித்துக் குதித்துத்தான் போக வேண்டும். தண்ணீரும் மேலே வெந்நீர்தான். காலைக் கீழே விட்டால் மட்டும் சில்லென்று இருக்கும். அந்தச் சுகத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது.

தங்கராசு மச்சான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஒரு கையால்தான் பந்தைப் பிடிக்க வேண்டும். தரையில் கால் ஊன்றக் கூடாது. சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டே மிதக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மூங்கில் நட்டு, அதுதான் கோல் என்றார். ஒரு கட்சி தலையில் துண்டு கட்டிக்கொண்டது. இன்னொரு கட்சிக்கு வெறும் தலை.

எனக்கு நீச்சல் என்று பெரிதாக ஒன்றும் வராது. கையைக் காலை அடித்து மூழ்காமல் இருப்பேன், அவ்வளவுதான். இதில் ஒரு கையில் பந்து வேறு! முதல் நாள் நான் குடித்த கண்மாய்த் தண்ணீரை அந்த ஊர் மாடுகள்கூடக் குடித்திருக்காது.

மற்றவர்கள் நீச்சலில் புலிகள். அவர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. எல்லாரும் சடுகுடு ஆடி வளர்ந்தவர்கள். பந்து கையில் உள்ளவனைக் கண்டால் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவன் இடுப்பைப் பிடிப்பான், ஒருவன் முழுகிப் போய்க் காலைப் பிடிப்பான். பந்து பாட்டுக்கு ஒரு மூலையில் மிதந்துகொண்டிருக்கும். இவர்கள் பிடித்தவனை விடமாட்டார்கள்!

"டேய், பந்தப் புடிங்கடா... ஆளப் புடிக்காதீங்கடா!" என்று விசிலை எடுத்துவிட்டு மச்சான் கத்துவார். யார் கேட்டார்கள்? ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு.

இந்தக் கும்பலுக்கு நடுவில்தான் நான் கோல் மேல் கோலாகப் போட்டேன்.

எப்படி என்கிறீர்களா? பந்து எப்படியோ என் கைக்கு வந்துவிடும். நான் தத்தக்கா பித்தக்கா என்று அடித்துக்கொண்டு கோலை நோக்கிப் போவேன். எதிரே ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். எறிவேன். கோல்! கரையில், கருவேல மர நிழலில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் மாமனார் கை தட்டுவார். "பாத்தீங்களாடா, மாப்பிள்ளை என்னமா ஆடுறாக!" என்பார். எனக்குள் இத்தனை காலம் ஒரு மகா விளையாட்டு வீரன் தூங்கிக்கொண்டிருந்தானா என்று நானே அசந்துபோனேன்.

அந்த வீரன் நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தான் என்பது இரண்டொரு நாளில் தெரிந்தது.

அன்று கோலில் நின்றவன் சோலை, சித்தப்பா மகன். வாட்டசாட்டமான ஆள். நான் எறிந்த பந்து அவன் நெஞ்சுக்கு நேராகப் போனது. அவன் ஏதோ ஞாபகத்தில் சட்டென்று பிடித்துவிட்டான். கரையிலிருந்து மாமனாரின் குரல் வந்ததே பார்க்க வேண்டும்!

"ஏண்டா சோல, அறிவிருக்கா ஒனக்கு? மாப்பிள்ளை எறிஞ்ச பந்தையா தடுக்குற?"

சோலையின் முகம் சுண்டிவிட்டது. பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் நீந்தி வந்தான். பந்தை என் கையில் பவ்யமாகக் கொடுத்தான்.

"தெரியாமப் புடிச்சிட்டேங்க. இன்னொரு தடவ போடுங்க மாப்பிள்ளை" என்றான். கோலை விட்டு ஒதுங்கியும் நின்றுகொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து வந்ததெல்லாம் அவர்கள் தந்தது. வழி கிடைத்ததெல்லாம் அவர்கள் விட்டது. வீட்டில் நான் நடந்தால் எழுந்து நிற்பது போலத் தண்ணீரில் நான் நீந்தினால் விலகிப் போயிருக்கிறார்கள். வேறு எந்த ஊரிலாவது வாட்டர் போலோவில் மாப்பிள்ளை மரியாதை உண்டா?

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. கவனித்துப் பார்த்தேன். அவர்களுக்குள் கத்துகிறார்கள், கடிக்கிறார்கள், முழுக அடிக்கிறார்கள், சிரித்துச் சிரித்துப் புரையேறித் தவிக்கிறார்கள். பந்து என் கைக்கு வந்ததும் சத்தம் நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி எல்லாரும் அடங்கிவிடுவார்கள். அத்தனை பேர் நடுவில், அந்தத் தண்ணீரில் நான் தனியாக இருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஈரம், யாருக்கும் தெரியவில்லை.

ஏதாவது செய்ய வேண்டுமே? சிவகாமியின் தம்பி கருப்பையாவைப் பிடித்துத் தண்ணீருக்குள் ஓர் அமுக்கு அமுக்கினேன். திருப்பி அமுக்குவான் என்று ஆசை. அவன் மேலே வந்து மூக்கைச் சிந்திவிட்டு, "நல்லாருக்கு மச்சான்" என்றான். சோற்றில் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்வது போல!

மத்தியானம் பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவகாமியிடம் குறையைக் கொட்டினேன். "ஒங்க அண்ணன் லீவு முடியப்போகுது. அவர் போனா இந்த ஆட்டமும் போச்சு. அதுக்குள்ள ஒரு தடவையாவது என்னையும் ஓர் ஆளா நினைச்சு ஆடமாட்டாங்களா?"

அவள் சிரித்தாள். "வெருந்துல மட்டும் மாப்பிள்ளையா இருக்கணும், தண்ணில மட்டும் பங்காளியா இருக்கணுமாக்கும்? நீங்க மொதப் பந்தியில தனியா ஒக்காந்து சாப்புட்டா, அவுக எப்புடி ஒங்க காலப் புடிச்சு இழுப்பாக?"

நியாயம்தானே? மரியாதை நல்ல பொருள்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு விளையாட முடியாது.

மறுநாள் எனக்குப் போட்ட தனி இலையை விட்டுவிட்டு, மச்சினன்கள் சாப்பிடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் எழுந்தேன். சோறு ஆறியதுதான் மிச்சம்.

தங்கராசு மச்சான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள். கடைசி ஆட்டம். வெயில் தலையைப் பிளந்தது. மாமனார் வழக்கம்போலக் கருவேல மரத்தடியில். சிவகாமி ஒரு பானை நீர்மோரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தாள். அந்த நேரம் பார்த்து, பந்து என் கைக்கு வந்தது. வழக்கம்போல இரு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள். நான் நீந்தவில்லை. பந்தை வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே நின்றேன். அவர்களும் நின்றார்கள்.

கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னண்ணே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அமுக்குங்க அவுகள!"

என் மனைவிதான்! இடுப்பில் பானையோடு நின்று கத்துகிறாள்.

மாமனார் ஆடிப்போய்விட்டார். "ஏ ஆத்தா! கட்டுன புருஷனையா தண்ணில அமுக்கச் சொல்ற?"

"ஆமாய்யா. அவுகளுக்கு அதுதான் ஆசையாம். ஒங்க மொகத்துக்குப் பயந்துதான் ஒருத்தரும் கிட்ட வரமாட்டேங்கிறாக."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எப்படித்தான் ஆட்டினேனோ, பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குடையைச் சாய்த்துத் தன் முகத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"வெயிலு அங்கிட்டுருந்துதான் அடிக்கிது" என்றார்.

வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

முதலில் பாய்ந்தவன் சோலை. பாவம், அத்தனை கோலையும் விழுங்கிக்கொண்டு நின்றவன் இல்லையா? அவன் என் இடுப்பைப் பிடித்தான். கருப்பையா முழுகிப் போய்க் காலை வாரினான். அப்புறம் யார் யார் என்மேல் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. காதுக்குள் தண்ணீர், மூக்குக்குள் தண்ணீர், முழங்கால் வரை சேறு. யாரோ ஒருவருடைய முழங்கை என் விலாவில். பந்தை எப்போதோ விட்டுவிட்டேன். பந்தை யார் தேடினார்கள்? மேலே வந்து மூச்சு வாங்குவதற்குள் மறுபடியும் உள்ளே இழுத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. கைக்குக் கிடைத்த காலையெல்லாம் பிடித்து இழுத்தேன். இருமிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கண்மாயைக் குடித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

இந்த அமர்க்களத்தைக் குடைக்குப் பின்னால் இருந்து காதால் கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"டேய் தங்கராசு, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

தங்கராசு மச்சான் என் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கண்மாயை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

"எந்த மாப்பிள்ளைய்யா? இங்கிட்டு அப்புடி யாரும் இல்லையே!" என்று சொல்லிவிட்டு, என்னை மறுபடியும் ஓர் அமுக்கு அமுக்கினார்.

அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.