ஆவாரம்பட்டை வாசம்

சர்க்கரைக்கு நல்லதென்று மருமகள் இன்று ஆவாரம்பட்டைக் கஷாயம் வைத்தாள். அந்தத் துவர்ப்பு வாசம் கூடத்துக்கு வந்ததும் நான் பேகம்பூர்த் தோல்ஷாப்பில், தோல் பதனிடக் கொட்டிவைத்த ஆவாரம்பட்டைக் குவியலின் மேல், என்னோடு படித்த காதரோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது அங்கே வரிசையாக வீடுகள். காதரின் அத்தா அங்கே தோல் ஊறவைக்கும் வேலை பார்த்தார். பள்ளிவிட்ட பிறகு, கொடியில் காயும் தோல்கள் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ள, அவன் பட்டைத் துண்டுகளை அடுக்கி எனக்குக் கணக்குச் சொல்லித் தருவான், நான் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவேன், ஒருவனுக்கு விளங்கும்வரை மற்றவன் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். "ஏலே, மாட்டுக்குக்கூட இந்நேரம் விளங்கியிருக்கும்" என்பான். ஆனால் எழுந்திருக்க மாட்டான்.

அரையாண்டுப் பரீட்சையில் அவன் என்னை முந்தினான். "தோல்ஷாப்புப் பையனுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நீ பின்னால நில்லு" என்றார் அப்பா. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியபோது, பத்தியைச் சுருக்கி எழுதுவது எப்படி என்று காதர் கேட்டான். வருஷம் தவறாமல் வரும் கேள்வி அது. "அதெல்லாம் வராது, விடுறா" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அவன் இங்கிலீஷில் தவறினான். அத்தாவோடு தோல்ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலைக்கு இறங்கினான். நான் மதுரைக்குக் கல்லூரியில் சேரக் கிளம்பிய அன்று, சுண்ணாம்பில் வெந்த கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ அம்புட்டுச் சொல்லிக் குடுத்தும் என் மண்டையில ஏறலயே அப்பு. கோவிச்சுக்காத."

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.