சொந்த ஊரில் முதல் விற்பனை

திருவண்ணாமலை தேரடித் தெருப் பாத்திரக் கடையில் அந்த வெண்கல மணியை வாங்கி வந்தது எங்கள் டீம் லீடர் அக்காதான். பூஜைக்கு என்று நினைத்துக் கடைக்காரர் அதற்குக் குங்குமம் வைத்துக் கொடுத்திருந்தார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் இருந்த எங்கள் கம்பெனியில் அது தொங்கியது. யார் ஒன்று விற்றாலும் வந்து அந்த மணியை அடிக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து நின்று கை தட்ட வேண்டும். சேல்ஸ் கல்ச்சர் என்று அதற்குப் பெயர். சாமிக்கு அடிக்கிற மணியை இதற்கு அடிக்கிறோமே என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. வேலை கிடைத்ததே பெரிய விஷயம் என்று நானும் கை தட்டினேன்.

நாங்கள் விற்றது மொபைல் ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டாரோடு மாட்டிவிட்டால் வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கரண்ட் வரும் நேரம் பார்த்து, பாம்புக்குப் பயந்து பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். எங்கள் டீம் லீடரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனிக்கு முதல் ஆள் அவர். எங்களையெல்லாம் வேலைக்கு எடுத்ததும் அவர்தான். இன்டர்வியூ ஆபீஸில் நடக்காது, வீட்டுக்கே வருவார். அம்மா கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, இந்தப் பையன் எப்படி என்று அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் சிரித்த முகமாகப் பதில் சொன்னால் வேலை உறுதி. நான் என்ன படித்திருக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

முதலாளி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒவ்வொருவரும் முதல் விற்பனையைச் சொந்த ஊரில்தான் செய்ய வேண்டும். சொந்த ஊரில் விற்க முடியாதவன் எங்கேயும் விற்க முடியாது என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அட, சொந்த ஊரில் விற்கத் திறமை எதற்கு? அங்கே யார் பொருளைப் பார்த்து வாங்குகிறார்கள்? இன்னார் மகள், இன்னார் பேரன் என்றுதானே வாங்குகிறார்கள். இது அந்த மனுஷனுக்குத் தெரியாதா, தெரிந்தேதான் சட்டம் போட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அக்காவின் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். லீடர் முன்னால் போனால்தானே டீம் பின்னால் வரும் என்று அவரே முதலில் இறங்கினார். அவருடைய அப்பா சொந்தமாகப் பயிர் வைத்தவர், ஊரில் பேச்சு மாறாதவர் என்று பெயர். மகளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா விளக்கிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

"நம்ம பொண்ணு கொண்டாந்தது. ஒண்ணும் ஆவாது, மாட்டுங்க."

அவ்வளவுதான், மாட்டினார்கள். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் மணிச் சத்தம் ஓயவில்லை.

கோடையில் வோல்டேஜ் விழுந்தது. அப்படி விழுந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டிய பெட்டி, நிறுத்தவில்லை. ஒவ்வொரு கிணறாக, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, அந்தக் காயில், எரிந்தது. கம்பெனியில் விற்க ஆள் இருந்தது, போய்ப் பார்த்துச் சரிசெய்ய ஒருவரும் இல்லை. மெக்கானிக் வேண்டும், மெக்கானிக் வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு மீட்டிங்கிலும் மன்றாடினார். சர்வீஸ் ஆள் செலவு, சேல்ஸ் ஆள் வரவு என்றார் முதலாளி. சொன்னதோடு நிற்காமல், விற்க இன்னும் சிலரைச் சேர்த்தார். அவர்களுக்கும் எழுந்து நின்று கை தட்டினோம்.

டவுனில் பொருள் கெட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார்கள். அந்த ஊருக்குக் கஸ்டமர் கேர் அக்காவின் அப்பாதான். டீக்கடையில் கேட்டார்கள், பால் சொசைட்டியில் கேட்டார்கள். அக்காவின் பெரியப்பாவும் அந்தப் பெட்டியை மாட்டியிருந்தார்; நெல் பால் பிடிக்கிற சமயத்தில் அவருடைய மோட்டாரும் போயிற்று. காயில் கட்டும் கடையில் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன, இன்றைக்கு நாளைக்கு என்றான் கடைக்காரன். அக்காவின் அப்பா யாரையும் கேட்கவில்லை. தன் கிணற்று மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய் அண்ணன் கிணற்றில் மாட்டிவிட்டார். அண்ணனின் நெல் பிழைத்தது. தம்பியின் வேர்க்கடலை கொடியோடு காய்ந்தது. ஆபீஸுக்குக் கீழே இருந்த டீக்கடையில் வைத்து அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலாம் என்றார். அதன்பிறகு அந்த மனுஷன் தெருப்பக்கமே வருவதில்லை.

மழைக்காலம் வருவதற்குள் முதலாளி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விலகிக்கொண்டார். கடையைக் கட்டியாயிற்று என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சென்னையில் வேறு ஏதோ தொடங்கியிருப்பதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அக்காவின் அப்பா இறந்துபோனார். நாங்கள் டீமாகப் போனோம். ஊரே வந்திருந்தது, சடங்கில் எந்தக் குறையும் இல்லை. பெரியப்பா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "எவன்டா உன்னைக் கேட்டான்? எதுக்குடா வெளிய வராம கெடந்த?" என்று மாரில் அடித்துக்கொண்டார். அக்காவை யாரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. அவரிடம் பேசவே இல்லை. கோபமா, என்ன பேசுவது என்று தெரியவில்லையா, எனக்குச் சொல்லத் தெரியாது. கருமாதி முடிந்து திருவண்ணாமலைக்கு வந்தவர் மறுபடி அந்த ஊருக்குப் போகவில்லை.

இப்போது நானும் ஒரு புதுக் கம்பெனியில் டீம் சேர்க்கிறேன். தெரிந்தவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் இங்கேயும் பாடம் எழுதித் தருகிறார்கள். அந்த இடம் வந்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

அக்கா கிரிவலப் பாதையில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார். கற்பூரம், அகல் விளக்கு, தண்ணீர் பாட்டில். எத்தனை பேரை எங்கள் டீமுக்குச் சேர்த்தவர், இப்போது கூட ஒரு ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஏன் அக்கா இப்படி என்றால், "வர்றவங்க யாரும் எங்க அப்பாவைப் பாத்ததில்ல. அது போதும்டா" என்பார்.

போன பௌர்ணமிக்கு, வெயில் தாழ்ந்த நேரம், நான் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து பெரியப்பா ஒதுங்கி வந்தார். தற்செயலாக வந்த மாதிரி தெரியவில்லை; தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒரு கற்பூரம் குடும்மா என்றார்.

கற்பூரப் பொட்டலம் அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"பக்கத்துக் கடையில வாங்கிக்குங்க, பெரியப்பா."

பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.