பதினைந்தாவது துண்டு

பை தைக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் 'நாடாக்காரி' என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகக் கைப்பிடி நாடாவை அளந்து வெட்டுவதுதான் வேலை. வெட்டும் இயந்திரத்துக்குக் கணினி பொருத்தியபோது, வீட்டில் தானாகவே படித்து அதற்கு நிரல் எழுதினாள். ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் நிரல் மேசை வேலை அவளுக்கு, இல்லையென்றால் பழையபடி கைவெட்டு. மேலாளர் வைத்த கெடு அது.

கடைசி வாரம் கைப்பிடியின் அளவு முப்பது சென்டிமீட்டரிலிருந்து நாற்பதாக மாறியது. ஆறு மீட்டர் நாடாவில் பதினைந்து துண்டு வரவேண்டும். பதினான்குதான் வந்தது. பதினைந்தாவது கழிவுக் கூடையில் போய் விழுந்தது.

அடுக்கும் பகுதியில் வேலை செய்யும் நாத்தனார் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, கூடை பூரா முழுத் துண்டா கெடக்கு. உங்க மிஷினும் எங்க அண்ணன் மாதிரிதான் போல. எண்ணச் சொன்னா கடைசி ஒண்ண விட்டுடுது."

"வாய மூடிட்டு அந்த ஸ்கேல எடு."

அளந்தால் சரியாக நாற்பது. திரையிலோ மீட்டர் கணக்கில் மீதி 0.3999 என்று ஒன்பதுகளாக நீண்டது. நிரலில் வகுத்து மீதி காணும் குறியைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள். குறி தப்பு செய்யவில்லை. 0.4 என்பதைக் கணினி மயிரிழை கூடுதலாகத்தான் வைத்துக்கொள்கிறது. பதினைந்து முறை சேர்த்தால் ஆறைத் தாண்டிவிடும். அதனால் பதினான்கோடு நின்று, மிச்சத்தை எல்லாம் மீதி என்று கூடைக்குத் தள்ளுகிறது. அவள் அளவுகளை மில்லிமீட்டரில் முழு எண்களாக மாற்றினாள். 6000, 400. மீதி பூச்சியம்.

மறுநாள் மேலாளர் வந்தார். பதினைந்தும் வந்தது. போகிற போக்கில் அவர், நாடாவின் நிறத்தைப் பின்னோக்கி மாற்றும் 'பின்' பொத்தானை அழுத்தினார். ஆறு நிறச் சுருள்கள் கோத்த சக்கரம், பூச்சியம் முதல் ஐந்து வரை எண். பூச்சியத்திலிருந்து பின்னால் போனால் ஐந்தாம் எண் சுருள் வரவேண்டும். சக்கரம் அசையவில்லை.

பூச்சியத்தில் ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று; அவள் வீட்டில் படித்த கணினி மொழியில் அதை ஆறால் வகுத்தால் மீதி ஐந்து. இந்த இயந்திரத்தின் மொழியோ மைனஸ் ஒன்று என்றே திருப்பித் தந்தது. அப்படி ஒரு சுருளே கிடையாது. முதலில் ஆறைக் கூட்டிவிட்டு மீதி பார்க்கும்படி ஒரு வரியைத் திருத்தினாள். சக்கரம் சுழன்று ஐந்தாம் எண் நீலச் சுருளில் நின்றது.

"இப்படி இன்னும் எத்தன இருக்கு?" என்றார் மேலாளர்.

"தெரியல சார். நான் முன்னாடி போற பொத்தான மட்டுந்தான் அழுத்திப் பாத்தேன்."

"அப்போ ஒழுங்கா ஓடலன்னுதானே அர்த்தம்?"

"ஓடலதான். இன்னொரு மாசம் குடுங்க."

"ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

அவள் அடுக்கும் பகுதியிலிருந்த நான்கு பேரையும் கூப்பிட்டாள். "வாங்க, எத வேணா அழுத்துங்க. எப்படி வேணா அழுத்துங்க" என்றாள்.