சுன்னிம் அக்கா படைத்த பச்சைக் கீரை

சுன்னிம் அக்காவுக்கு எழுபத்தொரு வயது. அதில் ஐம்பது குளிர்காலம் எங்கள் தீவின் பசலைக்கீரை வயலில், உட்கார இடுப்பில் கட்டிய சின்ன மெத்தையோடு குந்தியபடியே கழிந்திருக்கிறது. கடற்காற்றுக்குப் பயந்து தரையோடு படுத்து வளரும் கீரை இது. இனிப்பு அதிகம். ரத்தம் ஊறும், கண் தெளியும், வயிறு சுத்தமாகும் என்று அவள் ஆரம்பித்தால் நாம் படகைப் பிடித்த மாதிரிதான். "மருந்துக்கடைக்கு அழுறத எங்கிட்ட அழு" என்பாள்.

அவள் புருஷன் தல்சு அத்தானுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மாதாமாதம் அக்கரைக்குப் போய் ரத்தம் கொடுத்து, அதற்கேற்ற மாத்திரை அளவை எழுதி வாங்கி வருவார். வீட்டில் மூன்று வேளையும் கீரைதான். காலையில் சூப்பில், மற்ற நேரம் வெந்த கீரையைப் பிழிந்து நல்லெண்ணெயும் பூண்டும் பிசைந்து.

கெடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரியான நான். செல்போனில் எதையோ அரைகுறையாகப் படித்துவிட்டு ஓடினேன்.

"அக்கா, அந்த மாத்திரைக்குக் கீரை ஆகாதாம். நீயே அவருக்குக் குழி தோண்டுறியே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து ஓர் இலைகூடப் போடவில்லை. காற்று அடங்காமல் படகு நின்றிருந்த நாட்கள். டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, சண்டாளி.

"இவளே, வயல் பூரா கீரை. என் தட்டுல மட்டும் முள்ளங்கியா? ஒரு பிடி போடேன்" என்று அத்தான் கெஞ்சினார்.

"நீங்க உயிரோட இருந்தா போதும். சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

பதினெட்டாம் நாள் தலைக்குள் ரத்தம் கசிந்து வயலிலேயே விழுந்தார். அக்கரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கீரைய நிறுத்தச் சொன்னது யாரும்மா? தினம் ஒரே அளவா சாப்பிட்டாரு, அதுக்கு ஏத்தாப்லதான் மாத்திரை குடுத்தோம். திடீர்னு நிறுத்தினா மாத்திரை ஓங்கி ரத்தம் ரொம்ப நீர்த்துடாதா?"

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

புத்தாண்டுக் காலையில் இறந்தவர்களுக்குப் படைக்கும்போது வெள்ளை வேர், பழுப்புத் தண்டு, பச்சைக் கீரை மூன்றும் வேண்டும். இரண்டு வருஷமாக அவள் படையல் பலகையில் பச்சை வைக்கவில்லை. தானும் கீரையைத் தொடவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

"அடுக்களை வாசல்ல நிக்கிறாருடி. தட்டைப் பாத்துட்டுப் போயிடுறாரு" என்பாள். முதலில் சும்மா இரு என்று அதட்டினேன். பிறகு நானும் அந்த வாசல் பக்கம் பார்ப்பதை விட்டேன்.

இந்தப் புத்தாண்டுக்குப் படகு ஓடாததால் அக்கரையிலிருக்கும் அவள் மகன் வரவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டாள். பலகையில் கீரை இருந்தது. அதன்மேல் அத்தான் சாப்பிடும் குச்சிகளை வைத்தாள். விழுந்து வணங்கிவிட்டுக் காத்திருந்தோம்.

"தொடமாட்டேங்கிறாரு" என்றாள்.

"அக்கா, வேணாம்க்கா."

"நான் சொல்லி அலுத்துட்டேன். நீ சொல்லு. உன் பேச்சைத்தானே அன்னைக்கு நம்பினோம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். இரண்டு வருஷம் பார்க்காத அந்த வாசலை நோக்கித் திரும்பினேன்.

"அத்தான், நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க சாப்பிடலாம்."

அக்கா எழுந்துபோய்க் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.