என் நடையை நடந்தவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெறுங்கையோடு நடந்து போகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். நடந்தால் தலையில் விறகு இருக்க வேண்டும், தோளில் கொழுந்துச் சாக்கு இருக்க வேண்டும், குறைந்தபட்சம் கையில் ஒரு ராத்தல் பாண் ரொட்டியாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல், அதுவும் வேகமாக, அதுவும் போன வழியிலேயே திரும்பி வருகிறவனைப் பார்த்தால், "என்னங்க, யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். என்னை நடக்கச் சொன்ன டொக்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. மூன்று மாதம் தருகிறேன், நடந்து குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் தினமும் ஊசிதான் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். ஊரெல்லாம் தடுப்பூசி போட்ட காலத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டதைப் பார்த்தே மயங்கி விழுந்தவன் நான். அதனால் நடக்கிறேன் என்று வேகவேகமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் என் பிழைப்பு உட்கார்ந்து செய்கிற பிழைப்பு. மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ் திரும்புகிற சந்தியில் ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, ஒன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. காலையில் கதிரையில் உட்கார்ந்தால், சாப்பிடுவதற்கும், கரண்ட் போனால் வெளியே வந்து வானத்தைப் பார்த்துத் திட்டுவதற்கும் மட்டும்தான் எழுந்திருப்பேன்.

உட்கார்ந்தே இருக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. கொப்பி வெளியே வருகிற நேரத்தில் வாடிக்கையாளர்கள் எதையாவது கேட்பார்கள். நிலாவில் தண்ணீர் இருக்கிறதாமே? போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் மூளை சூடேறுமா? இனிமேல் கம்ப்யூட்டரே எல்லாம் எழுதுமாமே? எல்லாவற்றுக்கும் நான் ஏதாவது ஒரு பதில் சொல்லி அனுப்புவேன். கம்ப்யூட்டர் எழுதுவதைப் பற்றி அனுபவத்தோடே சொல்வேன். தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவருக்குப் பல்வலி, இரண்டு நாள் லீவுக் கடிதம் வேண்டும் என்றார். கம்ப்யூட்டரிடம் கேட்டேன். பல்லைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, தொழிற்சாலையின் முன்னேற்றத்துக்காகத் தான் இரவு பகலாக உழைக்கக் காத்திருப்பதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வாசித்துவிட்டு, "அண்ணே, இத குடுத்தா லீவு தரமாட்டாங்க, இன்னும் ரெண்டு வேல சேத்துக் குடுப்பாங்க" என்றார். கடைசியில் நானே கையால் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்.

போனில் வானிலை பார்ப்பதும் அப்படித்தான். அது எங்கள் ஊருக்கு வெயில் என்று காட்டுகிற நாளில் எதிரில் நிற்கிற ஆள் முகம் தெரியாது, அவ்வளவு பனிமூட்டம். என் மனைவி விடியற்காலையில் கதவைத் திறந்து நீர்த்தேக்கத்தின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஒன்றும் பேசாமல் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் விரிப்பை மடித்துச் சாக்குக்குள் வைப்பாள். பத்து மணிக்கு மழை கொட்டும். அவள் கொழுந்து எடுக்கிறவள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடமாக, ஞாயிறும் பண்டிகையும் தவிர, அநேகமாக எல்லா நாளும் மலைக்குப் போயிருக்கிறாள்.

எங்களுக்கு ஒரே மகள். கொழும்பில் தாதியாக வேலை செய்கிறாள். என் சீனிக் கதையைக் கேட்டதும் கையில் கட்டுகிற கடிகாரம் ஒன்றை வாங்கி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள். அது நேரம் மட்டும் காட்டுவதில்லை. நடக்கிற அடியை எண்ணும், நெஞ்சு துடிப்பதை எண்ணும். மாலையில் என் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பகல் முழுக்கச் சேர்த்து வைத்ததை அப்படியே கொட்டிவிடும். போன் அதை மகளுக்கு அனுப்பிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒரு கங்காணியைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள் என்று நான் முணுமுணுத்தேன்.

"அப்பா, ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். ஏமாத்த ஏலாது."

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. முதல் நாள் உண்மையாகவே நடந்தேன். ஏழு பேர் நின்று விசாரித்தார்கள். நாய்கள் விசாரித்தன. அட்டை ஒன்று காலைக் கடித்துக்கொண்டே கடை வரைக்கும் வந்தது. இரண்டாம் நாள் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிற பையன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். "மாமா, நான் இருக்கும்போது நீங்க நடந்து போறதா? ஏறுங்க." உடம்புக்காக நடக்கிறேன் என்று சொன்னேன். உடம்பு சரியில்லாதவர் நடக்கலாமா என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். இதற்குமேல் நான் என்ன செய்ய?

அந்தப் பாதை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாதை, குழியும் கல்லும்தான். கடை வாசலில் இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே நான் ஆயிரத்துச் சொச்சம் அடி நடந்திருந்தேன்! இந்தச் சாமானுக்குக் காலே தெரியாது, கை குலுங்கினால் போதும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதன் நிலாவுக்குப் போன விஞ்ஞானம் இவ்வளவுதானா என்று ஒரு இளக்காரமும் வந்தது.

கடையில் உட்கார்ந்து கையை ஆட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க வந்த அம்மா ஒருவர் பயந்துபோய், "என்ன தம்பி, கை இழுத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

அன்று மாலை என் மனைவி வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கிற கை நிற்கவே நிற்காது. செடிமேல் ஓடிக்கொண்டே இருக்கும், நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் வீசும், மறுபடி ஓடும். அதோடு மலையில் ஏறுகிறதும் இறங்குகிறதும் வேறு. எனக்குள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க சீனி கொறைய நான் நடக்கணுமா?"

"நீ எப்படியும் நடக்கத்தான் போற. அது சும்மா வீணாத்தானே போகுது?"

இப்படித்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையை நீட்டினாள், நான் கட்டிவிட்டேன்.

மறுநாள் மாலை கணக்கு வந்தது. இருபத்தெட்டாயிரம் அடி. மகள் உடனே குடும்பக் குரூப்பில் போட்டாள்: எங்க அப்பா சிங்கம்! பட்டிப்பொலயில் இருக்கிற என் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒரு கடிகாரம் வாங்கி, குளிருக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் மேடையில் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்கு நடக்கத் தொடங்கினார். ஐயாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. என்ன ரகசியம் என்று குரூப்பில் கேட்டார். மனதை ஒருநிலைப்படுத்த வேண்டும், சீனி போடாத தேத்தண்ணி குடிக்க வேண்டும், மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுக்க வேண்டும் என்று நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, இனிப்புப் பனிஸ் ஒன்றைக் கடித்தபடி பதில் எழுதினேன். மகள் அதற்கும் இதயம் போட்டாள்.

என் மனைவிக்கும் அந்தக் கடிகாரம் பிடித்துப்போனது. மலையில் மற்றப் பெண்கள் "புதுப்பொண்ணு மாதிரி மினுக்குறா" என்று கேலி செய்தார்களாம். அவள் பொருட்படுத்தவில்லை. சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்வது அவளுக்குப் பெரிய சந்தோஷம். மாலையில் வந்ததும் கழற்றி என்னிடம் கொடுத்து, "இந்தாங்க, இன்னைக்கு நல்லா நடந்துட்டீங்க" என்பாள்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் மாலை, அவள் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள், நான் சம்பலோடு காத்திருந்தேன். மகளிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அப்பா, எங்க இருக்கீங்க? உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான் இருக்கேன்."

"நெஞ்சு வலிக்குதா? தல சுத்துதா? உண்மையச் சொல்லுங்க. நான் இவ்வளவு நாளா அடிய மட்டும்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் துடிப்பப் பாத்தேன். தெனமும் பத்து மணிக்கு, ரெண்டு மணிக்கு, நாலர மணிக்கு, நெஞ்சு தாறுமாறா அடிக்குது. ஏறுறதுகூடப் பரவால்ல. அதுக்கப்புறம் அர மணி நேரமாகியும் எறங்கவே மாட்டேங்குது. இது நல்லதுக்கில்லப்பா. நாளையிலேருந்து நீங்க நடக்கவே கூடாது. ஒரு வேலையும் செய்யக் கூடாது. காலையில மொத வேலையா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லாட்டி இப்பவே நான் பஸ் ஏறி வாறேன்."

நடக்கவே கூடாது என்றதும், ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் அந்த நேரங்கள் மண்டையில் ஏறின. அது கொழுந்து நிறுக்கிற நேரம். நிறைந்த சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, தராசு இருக்கிற மடுவத்துக்குப் பெண்கள் மேட்டில் ஏறுகிற நேரம்.

"அது நான் இல்லம்மா" என்றேன்.

"என்ன நீங்க இல்ல?"

"கடிகாரத்த நான் கட்டல. உங்க அம்மாதான் கட்டியிருந்தா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்ககிட்ட ரெஸ்ட் எடுங்கன்னு சொல்ல எனக்கு இவ்வளவு லேசா வந்துச்சு. அம்மாகிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்லப்பா" என்று அழுதாள்.

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் ரொட்டியைப் புரட்டிவிட்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள். "ஆமா, மேட்டுல ஏறுனா படபடன்னுதான் அடிக்கும். கொஞ்சம் கண்ணும் இருட்டும். எல்லாருக்கும் அப்படித்தானே? இதுக்குப் போயா அழுவுற?"

மறுநாள் முதல் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வேலை நாளில் ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு எதுவும் ஓடவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியிலிருந்து குடத்தோடு படி ஏறி வருகிறவள், கொஞ்ச நாளாக நடுப்படியில் நின்று நின்று வருவாள். நான் உள்ளே இருந்து, "நீ தண்ணி கொண்டு வாறதுக்குள்ள தேத்தண்ணி ஆசையே போயிரும்" என்று கத்துவேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன் என்றாலும், அவள் ஏன் நிற்கிறாள் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த பஸ்ஸில் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அங்கே இருந்தது சின்ன வயது சிங்கள டொக்டர். என் மனைவியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். இரத்தம் எடுக்க அனுப்பினார். வந்த இடத்தில் என்னையும் விடவில்லை, விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். அது குறைந்திருக்குமா? இன்னும் கூடியிருந்தது, மூன்று மாதம் வரைக்கும் காத்திருக்காமல் ஊசி என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அன்று எனக்கு மயக்கம் எதுவும் வரவில்லை.

மதியம் அவளுடைய ரிப்போர்ட் வந்தது. டொக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். இரத்தம் மிகவும் குறைவு, இந்த உடம்போடு சாக்கைச் சுமந்துகொண்டு எப்படி மேட்டில் ஏறினார், இனிமேல் நான் சொல்கிறவரைக்கும் ஏறக் கூடாது என்றார். எல்லாம் சிங்களத்தில். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, எவ்வளவு காலமாக இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. கணவன்தானே என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தன்னெ நே" என்றேன். தெரியாது.

டொக்டர் பேனையோடு காத்திருந்தார். என் மனைவிக்கு மரக்கறிச் சந்தையில் பழகிய சிங்களம்தான் தெரியும். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி மூன்று விரலைக் காட்டி, "அவுருது துனக்" என்று தானே சொன்னாள்.

மூன்று வருடம். என் மனைவிக்கு மூன்று வருடமாக மூச்சு வாங்குகிறது என்று நான் சிங்களத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.