களியக்காவிளை ஜாக்கிக்காரர்

இரணியலில் வீட்டோரக் கொட்டகையில்தான் என் மகன் பைக் பழுது பார்க்கிறான். செங்கல்மேல் ஏற்றி வைத்த வண்டி ஒருநாள் சரிந்து அவன் கால் நசுங்கியது. கால் ஆறியதும், வண்டி தூக்கும் ஜாக்கியை நானே பார்த்து வாங்குவேன் என்று அவனையும் கூட்டிக்கொண்டு களியக்காவிளைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒல்லி. மீசைக்குத்தான் கனம். எந்த ஜாக்கியையும் தரையில் வைத்து, ஒற்றைக் காலால் மிதித்து ஆட்டி, பாயசம் ருசி பார்ப்பவர்போலக் கண்ணை மூடுவார்.

"இருக்கியதிலயே உயரமானதை எடும் வே" என்றேன்.

"ஒங்க தரை சிமெண்டா, மண்ணா அம்மா?"

மண்தரைதான். அதை அந்நியரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"சிமெண்டாக்கும். கண்ணாடி மாதிரி கிடக்கும்."

அவர் எங்கள் செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"உயரமானது வேண்டாம். மறிஞ்சிரும்."

"பைசா எனக்கதுல்லா!"

"காலு ஒங்க மொவனுக்கதுல்லா!"

அவர் தாழ்வான, அகல அடியுள்ள ஜாக்கி ஒன்றை எடுத்து, அதோடு ஒரு தடித்த பலகையையும் சேர்த்துக் கட்டினார்.

"சிமெண்டுக்கு எதுக்கு வே பலகை?"

"கண்ணாடித் தரையாக்குமே அம்மா, கீறல் விழப்பிடாது."

இப்போது கொட்டகையில் அடியில் பலகை இருப்பதால் ஜாக்கி மண்ணில் புதைவதில்லை, வண்டியும் சரிவதில்லை. அந்த மனிதர் என்னைக் கேலி செய்தாரா, என் மானத்தைக் காத்தாரா என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.