தையல் போட்ட சால்வை

எங்கள் வீட்டில் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வை ஒன்று இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக, நல்ல கனம். விரித்துப் பார்த்தால் நீளவாக்கில் இரண்டு தையல் தெரியும். மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அந்தத் தையலைத் தடவும்போதெல்லாம் பார்லர் அக்காவின் நினைவு வரும். கூடவே ஒரு குழப்பமும் வரும். பிள்ளைகளே, குழப்பம் தீர்ந்துவிட்டது என்று இதை எழுதவில்லை. தீராததால்தான் எழுதுகிறேன்.

கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவு அவருடைய பியூட்டி பார்லர். வடகிழக்கு மலைநாட்டிலிருந்து வந்தவர். தமிழை வாடிக்கையாளர்களிடமே கற்றுக்கொண்டார். "இன்னாண்ணா, உங்க பக்கமும் கரண்ட் போச்சா?" என்று கேட்டால் இங்கே பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் பிறந்தவர் என்றே நினைப்பீர்கள். ஆள் வராத மத்தியான வேளைகளில் தரையில் உட்கார்ந்து நெய்வார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார். பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும். முன்னால் வந்தால் தளரும். அவர் உடம்பே பாதித் தறி. கை எட்டுகிற அகலத்துக்குத்தான் துணி வரும். அதனால் பெரிய சால்வை என்றால் துண்டு துண்டாக நெய்து தைக்க வேண்டும்.

கோலாரில் நடக்கவிருந்த ஒரு கைத்தறிக் கண்காட்சியில் கடை போட ஆசைப்பட்டு, சால்வையைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே கடை ஒதுக்குகிறவர் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்னா தையலே இருக்காதாம். இது டூப்ளிகேட்மா. வேணும்னா ஏதாச்சும் புரூஃப் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா என் கடைக்கு வந்து, சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

"எங்கம்மா கத்துக் குடுத்ததுண்ணா. போன்ல அதை யாரு எழுதினாங்க?"

தேடினேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில், இந்தச் சால்வையைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் அந்த வரி இருந்தது. இவ்வளவுதானா என்று அழித்துவிட்டுச் சரியானதை எழுதினேன். மறுநாள் பழைய வரி திரும்ப வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சான்று தேவை.'

சான்றுதானே? அது என் தொழிலாயிற்றே! அக்கா சொன்னதைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் பச்சை மையில் அட்டெஸ்டேஷனும் முத்திரையும் பெற்று, ஸ்கேன் செய்து ஏற்றினேன். அதையும் எடுத்துவிட்டார்கள். 'தனிநபர் வாக்குமூலத்தை ஏற்க முடியாது. வெளியான நூலையோ ஆய்வையோ காட்டவும்.'

"பச்சை இங்க்கே பத்தலியாண்ணா அவங்களுக்கு?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்கிறவரே பக்கத்துக் கடையில் இருக்கிறார். இன்னும் என்ன வேண்டும்?

வேறு தளங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'தையல் இருக்காது' என்றே இருந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, அக்காதான் தவறோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. எல்லா இடத்திலும் அதே வரி, அதே வரிசை. ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் எல்லா நகலிலும் அதே இடத்தில் அந்தப் புள்ளி விழும். இவையும் நகல்கள்தான், எல்லாரும் அந்தக் கட்டுரையிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

என் திருத்தங்களை நீக்கிய, அந்தக் கலைக்களஞ்சியத்தின் முகம் தெரியாத ஆசிரியருக்கு இதை எழுதினேன். ஆணா பெண்ணா தெரியாது. 'பழைய வரிக்கும் சான்று இல்லை. நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். நீக்கிவிட்டேன். இனி அசலைத் தேடுவோம்' என்று பதில் வந்தது. தேடியதில், அக்காவின் மலைநாட்டைச் சுற்றி வந்த ஒருவர் எழுதிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று ஸ்கேன் வடிவில் கிடைத்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்துக்கு அகராதியைத் துணை வைத்துப் படித்தேன். பெண்கள் குறுகிய துண்டுகளாக நெய்து, சேர்த்துத் தைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. எழுதியவர் பெயர், புத்தகத்தின் பெயர், பக்க எண் எல்லாம் கொடுத்து எழுதினேன். வரியின் முடிவில், அழுத்தினால் சான்றைக் காட்டும் ஒரு நம்பர் சின்னதாக உட்கார்ந்தது. அதன்பின் யாரும் அதை அழிக்கவில்லை.

கோலாரில் அதே போனில் அதே கட்டுரையைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு இடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர், "என் கையைப் பாத்து நம்பலண்ணா. உங்க நம்பரைப் பாத்து நம்பிட்டாங்க" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அந்தப் புத்தகத்தின் அதே பக்கத்தில், 'இதை எனக்குச் சொன்னவர்கள் இவ்வூர்ப் பெண்கள்' என்றும் இருந்தது. அந்தப் பெண்கள் ஊர்சுற்றி வந்தவரிடம் சொன்னால் சான்று. அக்கா ஜெராக்ஸ் கடைக்காரனிடம் சொன்னால் சான்றில்லையா? முகம் தெரியாத ஆசிரியரையே கேட்டேன். 'நல்ல கேள்வி. எனக்கும் முழு விடை தெரியாது. ஆனால் தையல் இருக்காது என்று எழுதியவரும் யாரோ சொன்னதைக் கேட்டுத்தானே எழுதியிருப்பார்?' என்றார். அதுவும் சரியாகவே பட்டது. இரண்டும் சரியாகப் பட்டால் மனிதன் என்ன செய்வான்?

பிறகு அக்கா பார்லரை மூடிவிட்டுத் தன் ஊருக்கே போய்விட்டார். போகும்போது இந்தச் சால்வையை என் மகளுக்குக் கொடுத்தார்.

போன குளிரில் மகள் போர்த்திக்கொண்டே போனைப் பார்த்தவள், "அப்பா, இது டூப்ளிகேட்டா?" என்றாள். பழைய நகல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் கட்டுரையைத் திறந்து அந்தச் சின்ன நம்பரைக் காட்டினேன். அழுத்திப் பார்த்தாள்.

"எழுதினவரு பேரு இருக்குது. நெய்யறவங்க பேரு எங்கப்பா?"

இல்லை என்றேன். சால்வையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன். தையல் முடிகிற இடத்தில் அக்கா போட்ட முடிச்சு இன்னும் அவிழாமல் இருக்கிறது.

"இதுக்கு ஒரு நம்பர் போடேம்ப்பா" என்றாள்.

எப்படிப் போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.